கோயம்புத்தூரில் கடல் எங்கே இருக்கிறது?

வேலையில் சேர்ந்து நான்காவது மாதம் அது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். "ரேடியேஷன் குடுக்கற டாக்டருங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் அளவு எந்திரத்திலிருந்து அதே அளவாக வருகிறதா என்று பார்ப்பவன் நான். கடைத் தராசுக்கு முத்திரை போட வருவாரே, அந்த மாதிரி ஆள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு அது புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

லினாக் என்று நாங்கள் சொல்லும் எந்திரம் அடிப்படையில் ஒரு பெரிய எக்ஸ்ரே எந்திரம்தான். கை முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரே சில பத்தாயிரம் வோல்ட்டில் பிறக்கிறது. இது அறுபது லட்சம் வோல்ட் கணக்கு. மாதம் ஒருமுறை அதன் வெளியீட்டை முழு முறைப்படி அளக்க வேண்டும். நோயாளிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் அதற்கு நேரம் கிடைக்கும். அன்று என் சீனியர் சார் வீட்டில் ஏதோ விசேஷம். "நீயே பாத்துக்கடா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி மட்டம் பார்த்தேன். கதிரை அளக்கும் சிறு கருவியான சேம்பரைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கினேன். 300 வோல்ட் ஏற்றிக் கொஞ்ச நேரம் விட்டேன். வெளியே வந்து கனமான கதவைச் சாத்தி 100 எம்.யு. கொடுத்தேன். எம்.யு. என்பது எந்திரம் தனக்குத்தானே எண்ணிக்கொள்ளும் அலகு. சேம்பரில் சேரும் மின்னூட்டத்தை அளக்கும் எலெக்ட்ரோமீட்டர் 11.66 நானோகூலும் காட்டியது. இன்னும் இரண்டு தடவை கொடுத்தேன், அதே 11.66. மனசுக்குள் ஒரு சபாஷ்.

அடுத்து, அந்த எண்ணைத் திருத்துவதற்கு வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்க வேண்டும். தண்ணீர் 24 டிகிரி. பிரிவில் இருந்த டிஜிட்டல் பாரோமீட்டரை எடுத்தால் திரை வெறுமையாக இருக்கிறது, பட்டன் செல் தீர்ந்துவிட்டது. ஞாயிறு என்பதால் எதிரே இருந்த கடையும் பூட்டி. சரி, போன் எதற்கு இருக்கிறது? வானிலை ஆப்பைத் திறந்தேன். கோயம்புத்தூர், அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல். போட்டுக் கணக்குப் பார்த்தேன். வெளியீடு இருக்க வேண்டியதைவிட 4.7 சதவீதம் குறைவு.

மாதாந்திரச் சோதனையில் நாங்கள் அனுமதிப்பது இரண்டு சதவீதம். வயிற்றைக் கலக்கியது. சேம்பரை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி இறக்கினேன். ஆழத்தைச் சரிபார்த்தேன். கேபிளை மாற்றினேன். மூன்று மணி நேரம் இப்படியே போனது, மைனஸ் 4.7 அசையவில்லை. எந்திரம்தான் குறைவாகக் கொடுக்கிறது என்று முடிவுக்கே வந்துவிட்டேன். எம்.யு.வைத் திருத்தி வெளியீட்டை ஏற்றும் திரை எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தொடுவதற்கு முன்னால் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது என் அதிர்ஷ்டம், நோயாளிகளின் அதிர்ஷ்டம்.

சார் பட்டு வேட்டியோடு வந்தார், நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை. என் தாளை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"பிரஷர் எத்தனை போட்டே?"

"1010 சார்."

"எங்கிருந்து எடுத்தே?"

"போன்ல சார்."

தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோயம்புத்தூர்ல கடல் எங்கடா இருக்குது?"

எனக்கு உடனே விளங்கவில்லை. வானிலை ஆப்கள் பெரும்பாலும் காட்டுவது அந்த ஊரின் உண்மையான காற்றழுத்தத்தை அல்ல. ஊர் கடல்மட்டத்தில் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ, அந்த அளவுக்கு மாற்றிய எண் அது. வரைபடத்தில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க அதுதான் வசதி. இல்லாவிட்டால் எல்லா மலையும் புயல் மாதிரித் தெரியும். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே உண்மையான அழுத்தம் 960-ஐ ஒட்டித்தான் இருக்கும். சார் எங்கிருந்தோ ஒரு பட்டன் செல்லைத் தேடிப் போட்டார். 963. கணக்கைத் திரும்பப் போட்டேன். 11.66 என்ற அதே எண், பழைய திருத்தத்தால் பெருக்கினால் 11.86, புதிய திருத்தத்தால் பெருக்கினால் 12.44. எந்திரம் நூல் பிடித்த மாதிரி சரியாக இருந்தது. நான்தான் இல்லாத கடலை ஊருக்குள் கொண்டுவந்திருந்தேன்.

அதற்கு அப்புறம் இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்பவர் கேள்வி ஒன்றுதான்: எக்ஸ் கதிரை அளக்கும் கருவிக்கும் காற்றழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் என்ன, கருவியே காற்றுதான்.

நாங்கள் சேம்பர் என்று சொல்வது அயனியாக்க அறை. பெயரைக் கேட்டு ஏதோ பெட்டி என்று நினைக்க வேண்டாம். சுண்டுவிரல் நுனியளவு ஒரு சிறு குழல். உள்ளே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஆறு மில்லிமீட்டர் அகலம். சுவர் கிராஃபைட் அல்லது கிராஃபைட் பூசிய பிளாஸ்டிக். நடுவில் பென்சில் முனை மாதிரி ஒரு மெல்லிய அலுமினியக் கம்பி. கம்பிக்கும் சுவருக்கும் இடையில் 0.6 கன சென்டிமீட்டர் காற்று, மருந்துச் சொட்டுக் கணக்கில் பன்னிரண்டு சொட்டு அளவு இடம். எக்ஸ் கதிர் அந்த வழியாகப் போகும்போது அது கிளப்பிவிடும் எலெக்ட்ரான்கள் காற்றின் அணுக்களைத் தட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலெக்ட்ரானைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்த ஜோடிக்கு அயனி இணை என்று பெயர். வறண்ட காற்றில் ஓர் இணையைப் பிரிக்கச் சராசரியாக 33.97 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகிறது. எக்ஸ் கதிர் வலுவானதோ மெலிந்ததோ, இந்த எண் பெரிதாக மாறாது. இயற்கை எங்கள் தொழிலுக்குச் செய்த உபகாரம் என்று இதைத்தான் சொல்வேன். எத்தனை இணை பிரிந்தது என்று எண்ணிவிட்டால் எவ்வளவு ஆற்றல் படிந்தது என்று தெரிந்துவிடும். 11.66 நானோகூலும் என்பது ஏழாயிரம் கோடிக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்களின் கணக்கு.

ஆனால் எவ்வளவு காற்றில் என்று தெரிய வேண்டுமே? 20 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில், அந்தக் குழலுக்குள் இருக்கும் காற்று 0.72 மில்லிகிராம். அன்று எங்கள் குழலுக்குள் இருந்தது 0.68 மில்லிகிராம். காற்று குறைந்தால் தட்டுப்பட அணுவும் குறையும், மின்னூட்டமும் குறையும். அதை ஈடுகட்டத்தான் வெப்பநிலை, அழுத்தத் திருத்தம். நான் அழுத்தத்தைத் தப்பாகப் போட்டபோது, குழலுக்குள் இல்லாத காற்றை இருப்பதாகக் கணக்குக் காட்டினேன். எந்திரத்தை அதற்கேற்ப ஏற்றியிருந்தால் திங்கட்கிழமை முதல் படுக்கையில் படுத்த ஒவ்வொருவருக்கும் ஐந்து சதவீதம் அதிகக் கதிர் போயிருக்கும். ஐந்து என்பது கேட்க அற்பமாக இருக்கும். கட்டிக்குப் போகும் மொத்த அளவு எல்லாப் பிழைகளும் சேர்ந்தே ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அந்த மொத்தச் சில்லறையையும் நான் ஒரே ஆளாகச் செலவழிக்கப் பார்த்தேன்.

இதில் வேடிக்கை, காற்றழுத்தம் எங்கள் கணக்கில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயம் இல்லை. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், எக்ஸ் கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்தார். அப்போதுதான் நியூசிலாந்திலிருந்து வந்திருந்த இளைஞர் ரூதர்போர்டு அவரோடு சேர்ந்துகொண்டார். கதிர் பட்ட காற்றைக் குழாய் வழியாக வேறு இடத்துக்கு ஊதித் தள்ளினாலும் அது கொஞ்ச நேரம் மின்சாரத்தைக் கடத்தியது. நடுவில் கண்ணாடிப் பஞ்சை அடைத்தாலோ, தண்ணீருக்குள் குமிழியாக விட்டாலோ அந்தக் குணம் போய்விட்டது. அப்படியானால் காற்றில் ஏதோ துகள் இருக்கிறது, வடிகட்டினால் பிடிபடுகிறது. வடிகட்டியை வைத்தே அயனியைக் கண்டுகொண்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த சோதனை.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் நின்றுவிடும் என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். குறைந்த மின்னழுத்தத்தில், திருவிழாவில் கைவிட்டுப் பிரிந்தவர்கள் திரும்பச் சந்தித்துக்கொள்வது போல அயனிகள் வழியிலேயே ஒன்றுசேர்ந்துவிடும். அவை நம் கணக்கில் வராது. போதுமான அளவு இழுத்தால் எல்லாமே வந்து சேரும். நாங்கள் இன்றைக்கும் 300 வோல்ட்டில் ஒரு தடவை, 150 வோல்ட்டில் ஒரு தடவை அளந்து, வழியில் எத்தனை தொலைந்தன என்று கண்டுபிடித்துத் திருத்துகிறோம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் மருத்துவர்கள் பல காலம் தோல் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்துத்தான் கதிரை அளந்தார்கள். காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை வைத்து ஓர் அலகு வேண்டும் என்று 1908-இல் பிரெஞ்சுக்காரர் வில்லார் சொன்னார். இருபது வருடம் கழித்து, 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில்தான் ரான்ட்கன் என்ற அலகை உலகம் ஏற்றுக்கொண்டது. அதன் வரையறையைப் படித்துப் பாருங்கள்: பூஜ்ஜியம் டிகிரியில், 76 சென்டிமீட்டர் பாதரச அழுத்தத்தில் உள்ள ஒரு கன சென்டிமீட்டர் காற்று. வரையறைக்குள்ளேயே தெர்மாமீட்டரும் பாரோமீட்டரும் உட்கார்ந்திருக்கின்றன. கல்லூரியில் இதை நான் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கியவன்.

இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 0.6 கன சென்டிமீட்டர் சேம்பர் 1955-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஃபார்மர் என்ற இயற்பியலாளர் வடிவமைத்தது. யார் செய்து விற்றாலும் அதற்கு ஃபார்மர் சேம்பர் என்றுதான் பெயர். அதன் காம்பு வழியாக ஒரு நுண்ணிய துளை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்பார்கள், அதை அடைத்துவிட்டால் இந்த பாரோமீட்டர் தொல்லையே இல்லையே என்று. நியாயமான கேள்விதான். நானும் அன்று இரவு அதைத்தான் யோசித்தேன்.

அடைத்து வைத்த காற்று கசியும், அதுவும் சொல்லாமல் கசியும். லினாக்கின் தலைக்குள்ளேயே எம்.யு. எண்ணுவதற்கு இரண்டு அயனியறைகள் உண்டு. சில எந்திரங்களில் அவை மூடி முத்திரையிட்டவை. அதில் வாயு மெல்லக் கசிந்தால் எந்திரம் குறைவாக எண்ணும். குறைவாக எண்ணுவதால் 100 எம்.யு. முடிய அதிகக் கதிர் கொடுக்கும். அதன் கணக்குப்படி எல்லாம் சரி. வெளியிலிருந்து வேறொரு சேம்பர் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். திறந்த சேம்பரிலோ எவ்வளவு காற்று இருக்கிறது என்பது சுவரில் தொங்கும் பாரோமீட்டரைப் பார்த்தாலே தெரியும். தப்பு நடந்தால் அது என் தப்பு, ஒரு பட்டன் செல்லில் சரியாகிவிடும்.

விண்வெளிக்குப் போனால் மூடாமல் வேறு வழியில்லை. இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்த மூன்று வாயுக் கலன்கள் இருந்தன. கருந்துளைகளிலிருந்தும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்தும் வரும் எக்ஸ் கதிரைப் பிடிக்க அவை. உள்ளே காற்று இல்லை, பெரும்பாலும் செனான். கனமான அணு, எக்ஸ் கதிரை எளிதில் தப்பவிடாது. மூன்றில் ஒரு கலனில் வாயு கசிந்தது. 2018-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு லினாக்கின் தலைக்குள் இருக்கும் சேம்பர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே யார் போய் பாரோமீட்டர் வைப்பது?

அஸ்ட்ரோசாட்டின் கலன்கள் அயனியறை வகை இல்லை, விகித எண்ணிகள். இந்த வேறுபாட்டை நான் பயிற்சிக்கு வருபவர்களுக்கு இப்படிச் சொல்வேன். அயனியறை, விகித எண்ணி, கைகர் முல்லர் குழாய், மூன்று கருவியிலும் வாயு உண்டு, மின்னழுத்தம் உண்டு. எவ்வளவு மின்னழுத்தம் என்பதில்தான் கதை மாறுகிறது. அயனியறை ஓர் உண்டியல். போட்ட காசு எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே இருக்கும். விகித எண்ணி வட்டிக்கடை. மெல்லிய கம்பியை நெருங்கும் எலெக்ட்ரான் வேகம் பிடித்து மற்ற அணுக்களையும் உடைத்து, ஒன்று ஆயிரமாகப் பெருகும். ஆனால் போட்ட முதலுக்கு ஏற்ற வட்டிதான் வரும். அதனால் ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துணுக்கின் ஆற்றலையும் தனித்தனியே சொல்ல முடியும், வானியலாளர்களுக்கு அதுதான் தேவை. கைகர் முல்லர் குழாய் சரவெடி. எந்த முனையில் பற்றவைத்தாலும், தீக்குச்சியால் வைத்தாலும் தீப்பந்தத்தால் வைத்தாலும், முழுச் சரமும் வெடிக்கும். ஒன்று வந்தது என்று தெரியும், என்ன வந்தது என்று தெரியாது.

அந்தச் சரவெடியை 1928-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கைகரும் அவர் மாணவர் முல்லரும் உருவாக்கினார்கள். ஸ்டாக்ஹோம் மாநாடு நடந்த அதே வருடம். 1962 ஜூனில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து போன ஒரு சிறு ராக்கெட்டில் இந்தக் குழாய்கள்தான் இருந்தன. நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கப் போனார்கள். சில நிமிடப் பயணத்தில் விருச்சிக ராசிப் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத பெரிய எக்ஸ் கதிர் ஊற்று கிடைத்தது. அந்தக் குழுவை நடத்திய ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு.

வானத்தில் நோபல் வாங்கித் தந்த அதே குழாயை லினாக் அறை வாசலில் நம்ப முடியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஒருமுறை எங்கள் டெக்னீஷியன் ஒருவர், கதவோரம் வைத்த கைகர் மீட்டரில் அளவு குறைவாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷமாக வந்தார். லினாக் தொடர்ச்சியாகக் கதிர் விடுவதில்லை. நொடிக்குச் சில நூறு துடிப்புகளாக விடும், ஒவ்வொன்றும் சில மைக்ரோ நொடி. சரவெடி ஒருமுறை வெடித்தால் அடுத்த சரத்தைக் கட்ட நூறு மைக்ரோ நொடி போல ஆகும். ஆக, ஒரு துடிப்புக்குள் ஒரு துணுக்கு வந்தாலும் ஆயிரம் வந்தாலும் மீட்டர் எண்ணுவது ஒன்று. நொடிக்கு 200 துடிப்பு என்றால் அதிகபட்சம் 200. மீட்டர் கதிரை அளக்கவில்லை, லினாக்கின் தாளத்தை அளந்துகொண்டிருந்தது. கதிர் மிக வலுவாக இருக்கும் இடத்தில் சில குழாய்கள் திணறிப்போய் பூஜ்ஜியமே காட்டும். டிக் டிக் சத்தம் கேட்டால் பயப்படும் நம் ஆட்கள் சத்தம் நின்றால் நிம்மதி அடைகிறார்கள். எனக்கு நேர்மாறு. வாசலில் அளக்க நாங்கள் வைத்திருப்பது பெரிய அளவு அயனியறை உள்ள மீட்டர், உண்டியல் வகை.

என் பாரோமீட்டர் மோகம் மட்டும் குறையவே இல்லை. இப்போது இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு ஒன்று சாட்சி. வருடக்கணக்காக நோட்டில் எழுதியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம் பக்கத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் அடிமட்டம், இரவில் இன்னொரு சுற்று. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வரும் அலை இது, வெப்பமண்டல நாடுகளில் தெளிவாகத் தெரியும். வித்தியாசம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல்தான். ஆனால் காலையில் குறித்த அழுத்தத்தை மாலை அளவீட்டுக்குப் போட்டால் 0.3, 0.4 சதவீதம் அங்கேயே போய்விடும். காலையில் எழுதியதையே நாள் முழுக்க நகல் எடுக்கும் சோம்பேறித்தனத்தை நான் மன்னிப்பதில்லை, என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் சாட்சி.

வெப்பநிலை இன்னும் நச்சு. வெயிலில் நின்ற காரிலிருந்து சேம்பரை எடுத்து வந்து ஏசி அறைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று தண்ணீரின் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். தெர்மாமீட்டர் ஒன்று சொல்லும், குழலுக்குள் வேறொன்று நடக்கும். எண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் அதுதான் காரணம். டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். எங்கள் தொழிலில் டீக்கு அறிவியல் அடிப்படை உண்டு.

போன மாதம் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறார், ஊட்டிக்காரர். வழக்கம்போல முதல் நாளே பாரோமீட்டரை ஒளித்துவைத்துவிட்டு அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். போனை எடுத்தார், 1011 என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு, "இது தப்பு சார். இதே ஆப் எங்க ஊருக்கும் ஆயிரத்துச் சொச்சம்தான் காட்டும்" என்றார். சரி, உங்கள் ஊருக்கு இந்த சேம்பரை எடுத்துப்போனால் திருத்தம் எவ்வளவு வரும், போட்டுப் பாருங்கள் என்றேன். அங்கே அழுத்தம் சுமார் 780. கால்குலேட்டர் இல்லாமலே தாளில் வகுத்தார், 1.3.

"அப்ப எங்க ஊர்ல கிட்டத்தட்டக் கால்வாசிக் காத்து இல்லைங்களா சார்?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுதான் எங்கம்மா குக்கர் ரிப்பேர் ஆனா அன்னிக்குப் பருப்பே வைக்க மாட்டாங்க" என்றார். பிறகு பாரோமீட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு, தானே போய் எடுத்துவந்து, நோட்டில் 962 என்று எழுதிப் பக்கத்தில் நேரத்தையும் குறித்தார்.